வெறும் நீர்

சாய்மி விடுப்பில் போன வாரம்தான்
வெறும் நீர் நீலமானது.

எதுவும் இல்லை என்று காட்டுவதற்காகவே
வரிசையின் முதல் குடுவையில் நிற்கிற நீர்.
இருமுறை வடித்தது. ஏரியைப் பார்த்தறியாதது.
மாலிப்டேட் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால்
பாஸ்பரஸ் உள்ள குடுவை நீலம் பூக்கும்,
இல்லாதது சும்மா நிற்கும்.
அன்று சும்மா நிற்கவேண்டியதும்
மற்றதோடு சேர்ந்து பூத்தது.

மார்ச் மாதம். ஜன்னலுக்கு வெளியே ஹௌகிலம்பி ஏரி
ஒரு முழப் பனிக்கட்டிக்குக் கீழே கிடந்தது.
துளையிட்டு அள்ளிய நீர்
பதினான்கு புட்டிகளில் என் மேசைமேல்,
முதல் புட்டி பால்பண்ணைச் சாக்கடை வாயிலிருந்து.

சோப்பைச் சந்தேகித்தேன்.
குடுவைகளை இரவெல்லாம் அமிலத்தில் ஊறவைத்தேன்.
வடிகலனைச் சந்தேகித்து அதன் குழாயை மாற்றினேன்.
மருந்து அனுப்பிய ஹெல்சிங்கிக் கடைக்காரரைத்
தொலைபேசியில் திட்டியும் பார்த்தேன்.

நான்காம் நாள்,
பிப்பெட்டை உதட்டில் வைத்து உறிஞ்சி
கோடுவரை இறக்கி, குடுவையில் விட்டு,
நுனியில் ஒட்டிய கடைசிச் சொட்டை
எப்போதும்போல் ஊதித் தள்ளினேன்.
ஊதிய வாய் மூடாமலே நின்றுவிட்டது.

சாய்மி ஊதமாட்டாள்.
நுனியைக் குடுவைச் சுவரில் சாய்த்துப்
பதினைந்து எண்ணுவாள்.
மந்தக்காரி என்று நினைத்திருக்கிறேன்.
வெறும் நீர் என்றும் அவள் பொறுப்பு,
ஏரி நீர் என்றும் என் பொறுப்பு.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம்.
வாய்ப்பிழைக்கு வேண்டியிருந்தது.

அடித்தளத்தில் கண்ணாடி ஊதுகிறவர் தௌனோ ரிஸ்ஸனென்.
முழுதும் கேட்டார், சிரிக்கவில்லை.
"ஊதுவது என் வேலை. உனக்கு யார் கொடுத்தது?"

மூன்று நாளில் ஒன்று செய்து தந்தார்.
கீழே புட்டி, மேலேறும் குழாய், கைக்கு ரப்பர்க் குமிழ்.
அழுத்தினால் நீர் தானே ஏறும்,
சுழிக்கோட்டில் தானே நிற்கும்,
மிஞ்சியது வழிந்து புட்டிக்கே திரும்பும்.
அழகுதான்.
"திரும்பக்கூடாது" என்றேன்.
"ஒரு சொட்டு, ஹில்க்கா."
"மேலே போய் அறையைப் பார்த்துவிட்டு வந்த சொட்டு."

ஏதோ முணுமுணுத்தார். சுடர் மறுபடி சீறியது.
மிச்சத்துக்கு வெளியே வளைந்த ஒரு மூக்கு,
காற்று நுழையும் இடத்தில் பஞ்சு அடைத்த சிறு குமிழ்,
சொட்டு பின்னேறி ஒட்டாதபடி
ஊசியாய் இழுத்துச் சாய்த்த நுனி.
திருகுக்கு வாசலின் பூசப்போன கையைப்
பிடித்துக்கொண்டேன்.
டெஃப்லான் திருகு ஸ்வீடனிலிருந்து வர ஆறு வாரம்.
அதற்குள் ஏரி உடைந்து
கரையெல்லாம் கண்ணாடிச் சில்லுபோல் கலகலத்தது.

பழைய புட்டிகளின் மீதத்தை உறையவைத்திருந்தேன்.
உருக்கினேன். வாய் மூடி அளந்தேன்.
முதல் குடுவையைப் பத்து நிமிடம் பார்த்தேன்,
நம்பாமல் இன்னும் பத்து.
ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகாததற்கு
இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பிறகு சாக்கடை வாய்ப் புட்டி.
முன்பு லிட்டருக்கு அறுபத்தொரு மைக்ரோகிராம் என்று
இரண்டு முறை கடிதம் போட்டிருக்கிறேன்,
இரண்டாவது பதிவுத் தபாலில்.
இப்போது முப்பத்தெட்டு.
மீதி இருபத்துமூன்று
என்னுடையது.

மூன்றாவது கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன்.
"எச்சில்" என்ற சொல்லை இரண்டுமுறை அடித்துவிட்டு
இரண்டுமுறையும் திரும்ப எழுதினேன்.

பால்பண்ணை மேலாளர் ஓனி ஹுட்டுனென்
வியாழக்கிழமை தொலைபேசியில் வந்தார்.
பெயர் சொன்னார். அப்புறம் பேச்சில்லை.
பின்னால் கேன்கள் ஒன்றோடொன்று இடிபடுவது கேட்டது.
திட்டட்டும் என்று காத்திருந்தேன்,
சாய்மிபோல் மனசுக்குள் எண்ணிக்கொண்டு.
பதினொன்றில் குரல் வந்தது:

"சரி. அந்த முப்பத்தெட்டுக்கு
நான் என்ன செய்யவேண்டும்?"